[சொல்லாய்வு] ஸ்ட்ரெயின், ஜீனோடைப், குவாசிஸ்பீசிஸ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

நெட்டெழுத்து | திங்கள், காலை 7.40

குழுவினருக்கு வணக்கம். அவசரம்.

ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கான நூலில் ஓர் அலகு என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளி மாலை கெடு. ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் ஒரு நாட்டுக்குள் எப்படி வேறுபடுகிறது, எப்படிப் பரவுகிறது என்பது பாடம். எடுத்துக்காட்டுக்கு எகிப்து.

முதல் பக்கத்திலேயே வண்டி நின்றுவிட்டது. ஜீனோடைப், சப்டைப், ஸ்ட்ரெயின், வேரியன்ட், ஐசொலேட், குவாசிஸ்பீசிஸ் ஆறும் ஒரே பத்தியில் வருகின்றன. என் முதல் வரைவில் ஆறுமே 'வகை' ஆகிவிட்டன. "இவ்வகையின் துணைவகையைச் சேர்ந்த வகைகளுள் ஒருவகை" என்று நானே எழுதியிருக்கிறேன். எட்டிப் பார்த்த என் மகள், "பொரியல் வகைகளா அம்மா?" என்றாள்.

இவற்றைக் குழப்பக்கூடாது. இந்த வைரஸின் மரபுச்செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழை ஏறத்தாழ 9,600 எழுத்து நீளம். இரண்டு ஜீனோடைப்புகளை அருகருகே வைத்தால் நூற்றுக்கு முப்பது எழுத்துக்கு மேல் மாறியிருக்கும். ஒரே ஜீனோடைப்பின் இரு சப்டைப்புகள் என்றால் நூற்றுக்கு 15 முதல் 25 வரை. அதற்கும் உள்ளே ஸ்ட்ரெயின். கடைசியில் ஒரே ஆளின் ரத்தத்துக்குள்ளேயே சிறு சிறு வேறுபாடுகளோடு ஒரு கும்பல், அதுதான் குவாசிஸ்பீசிஸ். படிக்கட்டு மாதிரி இறங்குகிற சொற்கள் வேண்டும்.

ஹெப்படைட்டிஸை அப்படியே வைக்கிறேன். 'கல்லீரல் அழற்சி சி' என்று வகுப்பில் வாய்விட்டுப் படித்தால் 'அழற்சீச்சீ' என்று கேட்கிறது. இதில் மட்டும் தயவுசெய்து சண்டை வேண்டாம்.

வேர்ச்சொல்லன் | திங்கள், காலை 8.05

அம்மா, சண்டை வேண்டாம் என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் சண்டையே தொடங்க வேண்டும். அழற்சிக்கு 'அழல்' போதும். ஈரலழல். சீச்சீ வராது. போகட்டும்.

ஸ்ட்ரெயினுக்குத் திரிபு. மறுபேச்சே இல்லை. திரி என்ற வேரைப் பாருங்கள். முறுக்கினால் திரி, சுற்றினால் திரிகை, கெட்டால் திரிந்த பால், ஊர் சுற்றினால் திரிதல். ஒரே வேரில் மாறுவதும் இருக்கிறது, அலைவதும் இருக்கிறது. உருமாறிக்கொண்டே ஊரெல்லாம் திரிகிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த மொழி வைத்திருக்கிறது?

நன்னூலடிமை | திங்கள், காலை 9.30

வேர்ச்சொல்லனார் சொன்னதில் பாதி சரி. மாற்றத்தை இலக்கணம் எப்படிப் பிரித்தது என்று பார்த்துவிட்டுப் போகலாம். வாழைப்பழத்தில் ப் தோன்றியது. பொற்குடத்தில் ன் திரிந்து ற் ஆனது. மரவேரில் ம் கெட்டது. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றுக்கும் பொதுப்பெயராக நன்னூலார் வைத்தது விகாரம். திரிதல் அதில் ஒரு கூறு மட்டுமே. தொல்காப்பியரோ மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று மூன்றைச் சொல்லி, மூன்றையும் 'திரியுமாறு' என்கிறார். அவருக்குத் திரிபு குடை, இவருக்குத் திரிபு கம்பி.

வைரஸின் எழுத்துகளிலும் இந்த மூன்றுதானே நடக்கிறது? ஓர் எழுத்து கூடுகிறது, ஒன்று இன்னொன்றாகிறது, ஒன்று விழுகிறது. ஆகவே மியூட்டேஷனுக்கு விகாரம், அதன் விளைவாகிய உருவுக்குத் திரிபு எனக் கொள்ளலாம்.

வேர்ச்சொல்லன் | திங்கள், காலை 9.34

விகாரம் வடசொல்.

வடமராட்சியான் | திங்கள், முற்பகல் 11.10

வடசொல்லோ தென்சொல்லோ, நாங்கள் அதைத்தான் படிச்சனாங்கள். இலங்கையில மியூட்டேஷன் எண்டால் விகாரம். ஜீன் பரம்பரையலகு. ஜீனோடைப் பிறப்புரிமையமைப்பு. நீங்கள் மரபணு எண்டு எழுதுறதை முதன்முதல் பார்க்கேக்க இது என்ன அணு எண்டு நான் யோசிச்சிருக்கிறன்.

நெட்டெழுத்து | திங்கள், பகல் 12.20

அண்ணா, பிறப்புரிமை என்றதும் எங்கள் பக்கத்தில் சுதந்திரப் போராட்டம்தான் நினைவுக்கு வரும் :-) விகாரம் என்றால் அவலட்சணம். நோயாளி கேட்டால் அழுதுவிடுவார்.

அகார்தட்டு | திங்கள், மாலை 4.45

இப்பத்தான் வகுப்பு முடிஞ்சு வந்தேனுங்க. ரெண்டு விஷயம்.

ஒண்ணு. மெண்டல் பாடத்து ஜீனோடைப் வேற, வைரஸ் ஜீனோடைப் வேற. அங்கே அது ஓர் உயிருக்குள் இருக்கிற மரபணு அமைப்பு. இங்கே ஆர்.என்.ஏ. எழுத்து வரிசையை ஒப்பிட்டுக் கட்டிய ஒரு பெருங்குழு. 'அமைப்பு' என்று முடிகிற எந்தச் சொல்லும் இங்கே உதவாது. வடமராட்சி அண்ணா கோவிச்சுக்கக் கூடாது.

ரெண்டாவது, திரிபு. இயற்பியல் புத்தகத்தில் ஸ்ட்ரெஸ்ஸுக்குத் தகைவு, ஸ்ட்ரெயினுக்குத் திரிபு. கம்பியை இழுத்தால் வருகிற உருமாற்றம். ஆனால் ஆங்கிலத்தில் அந்த ஸ்ட்ரெயினும் இந்த ஸ்ட்ரெயினும் ஒரே எழுத்தில் வந்து நிற்கிற ரெண்டு தனித்தனிச் சொல். இழுப்பது லத்தீனிலிருந்து வந்தது. கிருமிக்குச் சொல்வது பழைய ஆங்கிலத்தில் ஈட்டம், வாரிசு என்ற பொருளில் இருந்தது. யாரோ அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை உயிரியலுக்கும் ஒட்டிட்டாங்களோ என்று எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம். கொரோனா சமயத்தில் பத்திரிகைகள் வேரியன்ட்டுக்கும் திரிபு போட்டாங்க. இப்ப ஒரு சொல்லுக்கு மூணு வேலை.

எனக்கு வேண்டியது மாற்றத்தைச் சொல்லும் சொல் இல்லைங்க. வம்சத்தைச் சொல்லும் சொல். அயர்லாந்தில் 1977-இல் ஆன்டி-டி ஊசி மருந்தில் ஒரே ஒரு பெண்ணின் பிளாஸ்மாவிலிருந்து 1பி என்ற சப்டைப் வைரஸ் கலந்து, பிரசவித்த நூற்றுக்கணக்கான தாய்மாருக்குப் போனது. 1994-இல்தான் வெளியே வந்தது. 1பி உலகமெங்கும் இருக்கிறது, ஆனால் இந்தப் பெண்களுக்குள் இருந்தது அந்த ஒரு ரத்தத்தின் வாரிசு. அதைத்தான் ஸ்ட்ரெயின் என்கிறோம்.

தேனிக்காரன் | திங்கள், மாலை 6.02

அப்ப 'வகையறா'னு போடுங்க டீச்சர். எங்க ஊர்ல பங்காளிகளை அப்படித்தானே சொல்றோம். "பெரியவீட்டு வகையறா வந்துருக்காங்க." ஒரு தாத்தாவுல பிரிஞ்ச கூட்டம்னு படிக்காதவனுக்கும் விளங்கும்.

வேர்ச்சொல்லன் | திங்கள், மாலை 6.20

வகையறா அரபுச் சொல், உருது வழியாக வந்தது. 'இன்னபிற' என்று பொருள். அதில் 'வகை' இருப்பதாகத் தோன்றுவது கானல்நீர்.

தேனிக்காரன் | திங்கள், மாலை 6.24

எகிப்து வைரஸுக்குத்தானே கேக்குறாங்க, அரபு இருந்தா என்ன குறைச்சல்?

வேர்ச்சொல்லன் | திங்கள், இரவு 10.15

சிரித்து முடித்திருப்பீர்கள். இனி வேலைக்கு வருவோம். மரம் கிளைவிடுவதற்குத் தமிழில் படிப்படியாகச் சொல் இருக்கிறது. அடிமரத்திலிருந்து பிரிவது கவை. கவையிலிருந்து கொப்பு, கொப்பிலிருந்து கிளை, அப்புறம் சினை, போத்து, குச்சு, கடைசியில் இணுக்கு. ஏழு படி. அம்மையார் கேட்ட படிக்கட்டு இதோ. ஜீனோடைப் கவை, சப்டைப் கொப்பு, ஸ்ட்ரெயின் கிளை, ஐசொலேட் இணுக்கு. உலகத்தார் மரப்படம் வரைந்துதானே இதை விளக்குகிறார்கள்?

அகார்தட்டு | செவ்வாய், காலை 6.50

இணுக்கு! ஐயா, கும்பிடறேனுங்க. ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது ஐசொலேட். கருவேப்பிலை இணுங்குற மாதிரி. கிள்ளி எடுத்தது என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கு. இது ஒண்ணே போதும், நேற்று முழுக்கப் படிச்சதுக்கு.

வடமராட்சியான் | செவ்வாய், காலை 8.00

எங்கட ஊரில கறிவேப்பிலை ஒரு நெட்டு. இணுக்கு எண்டால் இங்க சில பேருக்கு விளங்காது.

கல்லீரலான் | செவ்வாய், பகல் 1.30

புறநோயாளிப் பிரிவு முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். எல்லாம் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் போன மாதம் நடந்ததைக் கேளுங்கள். ஐம்பது வயதுக்காரர், லாரி ஓட்டுநர். வேறோர் இடத்தில் பரிசோதித்த தாளைக் கொண்டுவந்தார். அதில் ஜீனோடைப் 3. யாரோ தமிழில் 'மூன்றாம் வகை' என்று பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர் அதை மூன்றாவது கட்டம் என்று எடுத்துக்கொண்டு, மகளின் கல்யாணத்தை அவசரமாக முன்னால் தள்ளிவிட்டார். ஈரலை ஸ்கேனில் பார்த்தால் சுருக்கமே விழவில்லை. 12 வாரம் மாத்திரை, முடிந்தது. கல்யாணமும் முடிந்தது.

எண் வந்தாலே நம் ஆட்களுக்குத் தீவிரம் என்று படுகிறது. 1-ஐவிட 3 மோசம், 3-ஐவிட 6 மோசம். மூன்றைக் குணப்படுத்துவது முன்பு கொஞ்சம் கடினமாக இருந்தது உண்மை, ஆனால் அந்த எண் அதைச் சொல்ல வந்ததில்லை. 'நான்காம் கவை' என்றால் நான்காவதாக எதுவோ உடைந்துவிட்டது என்றே நினைப்பார்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் 'ஆம்' என்ற விகுதி வேண்டாம். 'மரபுவகை-3' என்று பெயர்போல நிற்கட்டும், 'மூன்றாம் மரபுவகை' வேண்டாம். எனக்கு இந்த ஒரு கோரிக்கைதான்.

தேனிக்காரன் | செவ்வாய், பகல் 2.10

எண்ணே வேணாம் டாக்டர். எகிப்து வகையறா, பஞ்சாப் வகையறா.

கல்லீரலான் | செவ்வாய், பகல் 2.25

தம்பி, ஊர்ப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று கொரோனாவில் பார்த்தோம். 2021-இல் கிரேக்க எழுத்துக்கு மாற வேண்டியிருந்தது. ஜீனோடைப் 8 பஞ்சாபைச் சேர்ந்தவர்களிடம்தான் முதலில் தெரிந்தது, அதுவும் அவர்கள் கனடாவில் இருந்தபோது. அதற்காகப் பஞ்சாபிகள் தலையில் எழுதுவதா? நம் நாட்டில் மொத்தத்தில் 3 அதிகம், தெற்கே 1-இன் பங்கு கூடும், 4-உம் இங்கே எட்டிப் பார்க்கும். மணிப்பூர்ப் பக்கம் ஊசிவழிப் போதை மூலம் பரவியதில் 6 இருக்கிறது, அது மியான்மர் எல்லையோடு தொடர்புடையது. ஒரு நாட்டுக்குள்ளேயே இத்தனை. எந்த ஊர்ப் பெயரை எதற்கு வைப்பீர்கள்?

அகார்தட்டு | செவ்வாய், இரவு 9.05

வேர்ச்சொல்லன் ஐயாவின் மரத்தில் எனக்கு ஒரு சிக்கல். எகிப்தில் இருக்கிற 4ஏ என்ற சப்டைப்பின் மரத்தை வரைந்து பார்த்தால் அது மரமாகவே இல்லைங்க. விளக்குமாறு. ஒரே முடிச்சிலிருந்து நூற்றுக்கணக்கில் ஈர்க்குச்சி. மத்திய ஆப்பிரிக்காவில், கேமரூன், காங்கோ பக்கம், ஜீனோடைப் 4-இல் ஏகப்பட்ட சப்டைப் இருக்கு. அங்கே அது ரொம்பக் காலமாகக் குடியிருக்கிறது, நிதானமாகக் கிளைவிட்டிருக்கு. எகிப்தில் 4ஏ மட்டும் தலையெடுத்து நிற்கிறது, அதற்குள் எல்லாக் குச்சியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வெடித்திருக்கு. ஏன்னு அக்கா சொல்லட்டும், பாடத்தில் இருக்குமே.

நெட்டெழுத்து | புதன், காலை 5.55

இருக்கிறது. அந்தப் பத்தியைத்தான் நேற்றிரவு மொழிபெயர்த்தேன், தூக்கம் போனது. நைல் வாய்க்கால் தண்ணீரில் நின்று வேலை செய்யும் உழவர்களுக்கு பில்ஹார்சியா. நத்தையிலிருந்து வரும் புழு, தோலைத் துளைத்து உள்ளே போகும், சிறுநீரில் ரத்தம் வரும். அதற்கு மருந்து ஆன்டிமனி உப்பு, நரம்பில் ஊசியாக. 1950-களிலிருந்து 1980-கள் வரை அரசு ஊர் ஊராக முகாம் போட்டது. கண்ணாடி சிரிஞ்சு. ஓர் ஆளுக்கு ஓர் ஊசியோடு முடியாது, வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். வரிசை நீளம், சிரிஞ்சு கொஞ்சம். அவசரமாகக் கொதிக்கவைத்து அடுத்த கைக்கு. புழு போனது, வைரஸ் வந்தது. அப்போது அந்த வைரஸுக்குப் பெயரே இல்லை, 1989-இல்தான் கண்டுபிடித்தார்கள். விழுங்குகிற மாத்திரை வந்த பிறகுதான் அந்த ஊசி ஓய்ந்தது. 2008-இல் 15 முதல் 59 வயதுக்குள் ரத்தம் சோதித்தபோது நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில், வைரஸ் தொற்றியதைக் காட்டும் எதிர்பொருள் இருந்தது. நைல் டெல்டாவில் இன்னும் கூடுதல், முகாம்கள் அதிகம் நடந்த பகுதி அது.

பிறகு 2018-19-இல் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைச் சோதித்து மாத்திரை கொடுத்து, 2023-இல் ஒழிப்புப் பாதையில் முன்னணி நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவுக்கு மீண்டது தனிக்கதை.

டீச்சர் சொன்ன விளக்குமாறு இப்போது புரிகிறது. ஆனால் சொல் இன்னும் கிடைக்கவில்லை. மூன்று நாள்தான்.

நன்னூலடிமை | புதன், காலை 10.00

குவாசிஸ்பீசிஸுக்குப் 'போலியினம்' என்று சில பட்டியல்களில் கண்டேன். அதை ஏற்க முடியவில்லை. போலி என்றால் இன்று கள்ளநோட்டு. இலக்கணத்தில் போலி அதுவன்று. எழுத்து மாறியும் பொருள் மாறாதது போலி. அறம், அறன். நலம், நலன். முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி.

அந்த வைரஸ் பெருகுகையில் பிழை திருத்துவார் இல்லை என்று படித்தேன். அப்படியானால் அது ஏடு பெயர்த்தெழுதியவர் கதைதான். மூல ஓலை ஒன்று, பெயர்த்தவர் பலர், ஒவ்வொரு படியிலும் ஒரு பிழை. அதற்கு நம்மிடம் 'பாடவேறுபாடு' இருக்கிறது. ஒரே நோயாளிக்குள் இருக்கும் கும்பலைப் 'பாடத்திரள்' எனலாமே?

அகார்தட்டு | புதன், காலை 10.20

ஐயா! கொஞ்சம் நில்லுங்க. போலிக்கு வேற வேலை இருக்கு. மூணு எழுத்து சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைச் சொல்லும். சில சமயம் ஓர் எழுத்து மாறினாலும் அதே அமினோ அமிலம்தான் வரும். எழுத்து மாறும், பொருள் மாறாது. இந்த சைலன்ட் மியூட்டேஷனை நாங்கள் 'அமைதியான சடுதிமாற்றம்' என்று உப்புச்சப்பில்லாமல் எழுதிக்கிட்டிருக்கோம். அதுவும் பெரும்பாலும் மூன்றாவது எழுத்தில்தான் நடக்கும். கடைப்போலி! அப்படியே கடைப்போலிதானுங்க இது. முதல் எழுத்தில் நடக்கிறதும் சிலது உண்டு, அது முதற்போலி. நாளைக்கே வகுப்பில் சொல்லப் போறேன். பவணந்தியார் மரபணு படிக்காமலேயே...

(பாடத்திரள் வேண்டாம். பிள்ளைகள் சிலபஸ் என்று நினைக்கும்.)

அச்சுக்கூடம் (மட்டுறுத்துநர்) | புதன், பகல் 12.00

நண்பர்களே, 43 மடல்கள். இந்தத் திரியே திரிந்துவிட்டது. கடைப்போலிக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஆறு சொல், வெள்ளிக்குள்.

கல்லீரலான் | புதன், இரவு 11.15

ஒரு மனவருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சோஃபோஸ்புவிரோடு வெல்பட்டாஸ்விர் சேர்த்த மாத்திரை எல்லா ஜீனோடைப்புக்கும் கேட்கிறது. பலருக்கு ஜீனோடைப் பார்க்காமலே மருந்து எழுதுகிறோம். தமிழில் பெயர் வைத்து முடிப்பதற்குள் அந்தப் பரிசோதனையே ஓரங்கட்டப்படும் போலிருக்கிறது. டயாலிசிஸ் பிரிவில் அடுத்தடுத்து இருவருக்கு வந்தால் ஒரே இடத்திலிருந்து வந்ததா என்று பார்க்க வைரஸின் எழுத்து வரிசை தேவைப்படும். குணமான பின் திரும்ப வந்தால் பழையதா புதியதா என்று பார்க்கவும் தேவைப்படும். அந்த அளவில் உங்கள் சொல் வாழும்.

வேர்ச்சொல்லன் | வியாழன், காலை 7.00

பரிசோதனை சாகலாம், சொல் சாகக்கூடாது. 4ஏ என்று எழுதுகிறீர்களே, 4அ என்று எழுதினால் கை நோகுமா?

அகார்தட்டு | வியாழன், காலை 7.40

கருவியிலிருந்து வருகிற தாளில் இருப்பதை அந்தப் பொண்ணு பதிவேட்டில் பார்த்து எழுதணும். ஏ, பி, சி, டி என்று வருவதை அ, ஆ, இ, ஈ என்று விரல்விட்டு எண்ணி மாற்றுவாளா? சப்டைப் வரிசை கே, எல் என்று நீளும். அங்கே அவளுக்கு ஒள-வா ஃ-ஆ என்று சந்தேகம் வந்தால் யார் பொறுப்பு? ஏ என்றே இருக்கட்டும்.

வடமராட்சியான் | வியாழன், காலை 9.15

இதில நான் டீச்சர் பக்கம். ஆனால் விகாரத்தை விட்டுக் குடுக்க ஏலாது.

அச்சுக்கூடம் | வியாழன், இரவு 8.30

வாக்கு எண்ணியாயிற்று. வாக்களித்தவர் பதினொருவர் மட்டுமே, மற்றவர்கள் களைத்துப்போனார்கள் போலும்.

ஜீனோடைப்: மரபுவகை, ஏழு பேர். எண் பெயர்போல் ஒட்டி வரும், 'ஆம்' வராது. சப்டைப்: உள்வகை, ஆறு. ஸ்ட்ரெயின்: திரிபு ஐந்து, கால்வழி நான்கு, வகையறா இரண்டு (தேனிக்காரரும், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பேராசிரியரும்). வேரியன்ட்: மாற்றுரு. ஐசொலேட்: இணுக்கு ஐந்து, 'பிரித்தெடுத்த மாதிரி' ஆறு. குவாசிஸ்பீசிஸ் முடிவாகவில்லை.

அகார்தட்டு | வியாழன், இரவு 8.50

திரிபு ஐந்து பேர் சொன்னதால் சரியாகிவிடாதுங்க. கால்வழி என்றால் வம்சம். அயர்லாந்துப் பெண்களை மறந்துடாதீங்க.

நெட்டெழுத்து | வெள்ளி, இரவு 9.40

கோப்பு போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

மரபுவகை-4, உள்வகை 4ஏ என்று போட்டேன். முதல் முறை வரும் இடத்தில் ஜீனோடைப், சப்டைப் என்று பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் கொடுத்தேன், பிள்ளைகளுக்குத் தேர்வில் உதவும். ஸ்ட்ரெயினுக்குத் திரிபுதான் போட்டேன், டீச்சர் மன்னிக்க. ஆனால் எகிப்துப் பத்தியில் மட்டும் "ஒரே கால்வழியில் வந்த திரிபுகள்" என்று எழுதினேன். குவாசிஸ்பீசிஸுக்குத் 'திரிபுத்திரள்'. ஒரு நாளில் லட்சம் கோடி அளவில் பெருகுகிற ஒன்றுக்குத் திரள் என்பது சிறிய சொல்தான், வேறு தோன்றவில்லை.

தோற்றுப்போன இணுக்கை ஓரிடத்தில் செருகிவிட்டேன். பதிப்பாசிரியர் ஏழரைக்கு அழைத்தார். "எல்லாம் நன்றாக இருக்கிறது, 14-ஆம் பக்கத்தில் கருவேப்பிலை எப்படி வந்தது?" என்று கேட்டார். விளக்கினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

வேர்ச்சொல்லன் | வெள்ளி, இரவு 10.05

திரிபுத்திரள் என்பதில் ஒற்று மிக வேண்டுமா என்று புலவர் ஐயா பார்க்கட்டும். திரள் என்ற சொல்லுக்கும் திரி என்ற வேருக்கும் உறவு உண்டா என்பது பற்றி எனக்குச் சில எண்ணங்கள் உண்டு. நாளை விரிவாக எழுதுகிறேன்.

நன்னூலடிமை | வெள்ளி, இரவு 10.12

மிகும். உறவு இல்லை.

வடமராட்சியான் | சனி, காலை 6.30

விகாரத்துக்கு எத்தினை வாக்கு விழுந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.